எழில்மதி எண்ணிய அடுப்புகள்

சமூகவியல் என்றால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்கு அது சமூக சேவை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், எழில்மதி கல்லூரி விட்டு வரும்போதெல்லாம், "மேடம், முதியோர் பென்ஷனுக்கு ஒரு மனு எழுதணும், நீங்கதான் அந்த டிபார்ட்மெண்டாச்சே" என்று நிறுத்திவிடுவார். அவளும் நின்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவாள். தன் வேலை என்னவென்று விளக்குவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். யாராவது விடாப்பிடியாகக் கேட்டால், "ஊர் ஊராப் போயி ஒரு வூட்ல எத்தினி அடுப்பு எரியுதுன்னு எண்ணிக்கினு வர்றது" என்பாள். கேட்டவர் சிரிப்பார். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுடைய உத்தியோகம், புத்தகம், பெயர் எல்லாமே பதினாறு வருடங்களுக்கு முன் அவள் எண்ணிய இருநூற்றுப் பதினோரு அடுப்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

பிறந்தது களமருதூர். அப்பா இருசப்பன் கூலிக்கு வரப்பில் அண்டை வெட்டுவார், உழுத சேற்றில் பரம்படிப்பார், அறுப்பு சீசனில் மூட்டை தூக்குவார். அம்மா ஜெயம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். ஊருக்கும் இவர்கள் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். ஜெயம்மாள் இருபத்தைந்து வருடம் ஒரே குடும்பத்தின் கழனியில் நட்டவள். அந்த வீட்டுப் பின்வாசல் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சமையல்கட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. இதை அவள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. எழில்மதிதான் சின்ன வயதிலிருந்து அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் படித்தாள். உளுந்தூர்பேட்டையில் பள்ளி, விழுப்புரத்தில் பட்டம், சென்னையில் மேல்படிப்பு. அண்ணன் கவியரசன் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் பாதி அவள் விடுதிக்குப் போனது. கவியரசனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்குத் தனி ரேஷன் கார்டு வேண்டும் என்று விண்ணப்பம் போட்டார்கள். தனிக் கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், அதை ஆள் வந்து பார்ப்பார்கள். ஜெயம்மாள் வீட்டு மூலையில் மூன்று கல்லை வைத்து ஒரு அடுப்பு கூட்டினாள். விடுமுறைக்கு வந்திருந்த எழில்மதிதான் காய்ந்த பனையோலையைக் கொளுத்திச் சுவரில் கரி ஏற்றினாள். "இன்னும் கொஞ்சம் கறுக்கட்டும், புதுசா தெரியுது பாரு" என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீசர் வந்தார், சாம்பலைச் செருப்புக் காலால் கிளறிப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். கார்டு வந்தது.

இந்த வித்தை தெரிந்தவள்தான் 2009-ல் முனைவர் பட்ட ஆய்வுக்காக அடுப்பு எண்ணப் புறப்பட்டாள்.

கிராமத்துக் கூட்டுக் குடும்பம் உடைகிறதா என்பது ஆய்வு. எது ஒரு குடும்பம் என்று முதலில் வரையறுக்க வேண்டும். சொத்து பிரிந்ததை வைத்துச் சொல்லலாம், கதவு எண்ணை வைத்துச் சொல்லலாம். எழில்மதி அடுப்பை எடுத்துக்கொண்டாள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். பாடப்புத்தகத்தில் உள்ள வரையறைதான், வழிகாட்டிப் பேராசிரியரும் சரி என்றார். ஆனால் அடுப்பை எண்ண வேண்டுமென்றால் சமையல்கட்டுக்குள் போயாக வேண்டும். அதற்காகவே அவள் அடுப்பை எடுத்துக்கொண்டாளோ என்னவோ. பின்னாளில் அவளே அந்தச் சந்தேகத்தை ஒப்புக்கொண்டாள்.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் நிறைந்த ஒரு கிராமம். ஆய்வுகளில் ஊரின் உண்மைப் பெயரைப் போடக்கூடாது என்பது வழக்கம். அவள் அதற்குச் செம்மண்பட்டு என்று பெயர் வைத்தாள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். முதல் நாள் கிராமத் தலையாரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை, கையில் ஃபைல், தோளில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. முதல் வீடு தங்கதுரையுடையது. நாலு ஏக்கர் நஞ்சை, கிணறு, இரண்டு மகன்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் மனைவி பெரியநாயகி வாசலுக்கு வந்தாள்.

"யாருப்பா இவங்க?"

"மேலருந்து வந்திருக்காங்க. சர்வே" என்றார் தலையாரி.

எழில்மதி, "காலேஜ்லருந்து வர்றங்க" என்றாள். பெரியநாயகி அவள் கழுத்து அட்டையைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க மேடம்?"

"கள்ளக்குறிச்சி."

"அங்க எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்."

பொய் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாதவாடகைக்கு ஒரு அறை எடுத்திருந்தாள். மேலிருந்து வந்த மேடம் சமையல்கட்டுக்குள் போகலாம், களமருதூர் காலனி இருசப்பன் மகள் போக முடியாது. இரண்டும் அவளுக்குத் தெரியும். தலையாரி சொன்னதை அவள் மறுக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. குடித்தாள். உள்ளே போனாள். எண்ணினாள். படமெடுத்தாள். அன்று மாலை அம்மாவுக்குப் போன் போட்டு, "நான் இன்னிக்கு பன்னெண்டு வூட்டுக்குள்ள போய்ட்டு வந்தம்மா" என்றாள். ஜெயம்மாள் எத்தனை என்று மறுபடி கேட்டாள். பிறகு, "பாத்து, ஜாக்கிரதையா இருந்துக்கோ" என்றாள்.

செம்மண்பட்டில் வீடு நூற்று நாற்பது, அடுப்பு இருநூற்றுப் பதினொன்று. ஊரில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு மூன்று உலை கொதிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கூட்டுக் குடும்பம், உள்ளே தனித்தனி. எழில்மதி இதற்கு எட்டுக் காரணங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம் எழுதினாள். 'கூரையும் அடுப்பும்' என்று அது புத்தகமாக வந்தது. கருத்தரங்குகளில் அந்த இருநூற்றுப் பதினொன்றை எடுத்துச் சொன்னார்கள், இரண்டு கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலேயே உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. கணவர் இளவரசன் பள்ளி ஆசிரியர், ஒரு பெண் குழந்தை, ஒரே அடுப்பு.

அடுத்து மலைக்குப் போனாள். கல்வராயன் மலையில் ஆறு ஊர்களை எடுத்துக்கொண்டு, வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் போகும் குடும்பங்களைப் பற்றி எழுதினாள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்து, இறங்கி நடப்பாள். முதல் நாளே ரங்கம்மாள் என்ற ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டே, "உங்கப்பாரு இன்னா பண்றாரு?" என்று கேட்டாள். "கூலி வேலைதாங்க. களமருதூர் காலனி" என்று எழில்மதி யோசிக்காமல் சொன்னாள். ரங்கம்மாள், "அப்ப உனுக்கு புடைக்கத் தெரியும். இந்தா" என்று இன்னொரு முறத்தைத் தள்ளினாள். மலையில் வேலை சுகமாக இருக்கிறது என்று எழில்மதி எல்லாரிடமும் சொல்லுவாள். காற்று நல்லா இருக்கிறது என்பது அவள் சொன்ன காரணம்.

இந்த வருடம் தை மாதம் சென்னைப் பதிப்பாளர் போன் செய்தார். புத்தகம் தீர்ந்துவிட்டது, இரண்டாம் பதிப்பு போடலாம், பழைய படங்கள் மங்கலாக இருக்கின்றன, அசல் கோப்புகளை அனுப்புங்கள் என்றார். நல்ல நேரம்தான். ஆனி மாதத்தில் இணைப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. புதிய பதிப்பு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எழில்மதி பழைய படங்களைக் கல்லூரிக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரியநாயகி வீட்டு இரண்டாவது அடுப்பின் மேல் ஒரு அலுமினியக் குண்டான், கழுத்தில் ஒரு பக்கம் நசுங்கல். நசுங்கலுக்குக் கீழே புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'அன்பளிப்பு: சுப்புராயன், எலவனாசூர்கோட்டை.' படம் எடுத்த நேரம் பத்து பன்னிரண்டு. அடுத்த தெரு, வேறு வீடு, பத்து நாற்பத்தொன்று. அதே குண்டான், அதே நசுங்கல், அதே சுப்புராயன். பதினொன்று ஐந்துக்குக் கோயிலடி வீட்டில் மறுபடியும் சுப்புராயன்.

இருநூற்றுப் பதினோரு படத்தையும் பார்த்து முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. பதினான்கு அடுப்பின் மேல் அந்தக் குண்டான் இருந்தது. அவள் முன்வாசல் வழியாகப் போயிருக்கிறாள், குண்டான் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறது. மற்ற இரண்டாவது அடுப்புகளில் இருந்த பாத்திரங்களும் இப்படி ஓடியிருக்கலாம், அவற்றில் பெயர் வெட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதைவிட அவளுக்கு ஆத்திரம் மூட்டியது சுவர்கள். இரண்டாவது அடுப்புகளுக்குப் பின்னால் இருந்த சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பனையோலை கொளுத்திக் கரி ஏற்றிய கை இது. இந்தக் கைதான் கேமராவைப் பிடித்திருந்தது, ஆனாலும் பார்க்கவில்லை. நிலமும் கிணறும் இருக்கிறவர்கள் கார்டுக்காகப் பொய் அடுப்பு கூட்டுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அது நம் தெருவில் செய்கிற வேலை என்று நினைத்திருக்கிறாள். தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

துறைத் தலைவர் கந்தசாமியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"பதினாலு படம்தானேம்மா. எடுத்துட்டு வேற பதினாலு போடு."

"எண்ணிக்கையே தப்பா இருக்கும் சார்."

"இருக்கலாம். ஆனியில இன்டர்வியூ. அந்த கமிட்டியில யாரும் குண்டான் பாக்கப் போறதில்ல. வாயத் தொறக்காத."

கந்தசாமி கெட்ட மனிதர் இல்லை, அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். எழில்மதி ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. தூக்கமும் சரியாக வரவில்லை. எட்டாம் நாள் காலை எலவனாசூர்கோட்டை பஸ் ஏறினாள். மூன்று படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பையில் வைத்திருந்தாள்.

பெரியநாயகிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தங்கதுரை போய்ச் சேர்ந்து மூன்று வருடம். "வாங்க மேடம், வாங்க. போன் பண்ணியிருந்தா பையன் வண்டி எடுத்துக்கினு வந்திருப்பானே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தேவி, மேடம் வந்திருக்காங்க, காபிக்கு பால் வெய்யி" என்று மூத்த மருமகள் தேவிப்ரியாவுக்குக் குரல் கொடுத்தாள்.

எழில்மதி படங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். பெரியநாயகி கண்ணாடி போட்டுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"ஐய, எங்க சுப்புராயன் மாமா குடுத்த குண்டான். ஏ தேவி, இங்க வந்து பாரு. நம்ம குண்டான போட்டோ புடிச்சி வெச்சிருக்காங்க."

தேவிப்ரியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடது முன்கையை நீட்டி ஒரு பழைய தழும்பைக் காட்டினாள். "இத்தால வந்ததுதாங்க மேடம். கொதிக்கிற தண்ணியோட தூக்கிக்கினு ஓடுனேன். நீங்க ஒரு வூட்ல காபி குடிச்சிக்கினு இருப்பீங்க, அதுக்குள்ள கொல்லை வழியா அடுத்த வூடு. அன்னிக்கி ஓடுனத நெனச்சா இப்பவும் மூச்சு வாங்குது."

"எதுக்குங்க அப்படி?"

"இன்னா மேடம் எதுக்குன்றீங்க" என்றாள் பெரியநாயகி. "கழுத்துல அட்டைய மாட்டிக்கினு, தலையாரியோட வந்து, அடுப்பு எத்தினின்னு கேட்டா வேற எதுக்குக் கேப்பாங்க? கார்டுக்கு ஒண்ணுன்னு கலர் டிவி குடுத்துக்கினு இருந்த நேரம். ரெண்டு பையனுக்கும் தனிக் கார்டு வாங்கி வெச்சிருக்கறோம். சாப்பாடு ஒரே அடுப்புல. நீங்க பாத்து கார்ட அடிச்சிட்டா?"

"காலேஜ்லருந்து வர்றன்னு சொன்னனே."

"சொன்னீங்க. அவன் மேலருந்துன்னு சொன்னான். நீங்க இல்லன்னு சொல்லலியே."

சொல்லவில்லைதான். படங்களை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்து வந்திருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. எழில்மதி உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏன் சொல்லலன்னு சொல்லிட்றங்க" என்றாள். "எனக்கு சொந்த ஊரு கள்ளக்குறிச்சி இல்ல. களமருதூர்."

"களமருதூரா? அங்க எங்களுக்கு ஒறமொறை இருக்குதே. எந்தத் தெரு?"

"தெரு இல்லங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட, காலனி. எங்கப்பா இருசப்பன். கூலி வேல செஞ்சாரு. அம்மா நடவு."

தேவிப்ரியா மாமியாரைப் பார்த்தாள். பெரியநாயகி கண்ணாடியைக் கழற்றி மடக்கினாள், மறுபடி விரித்தாள். உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. தேவிப்ரியா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சமையக்கட்டுக்குள்ள வுட்டிருக்க மாட்டேன்" என்றாள் பெரியநாயகி. குரலில் கோபம் இல்லை. நிலவரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

"தெரியுங்க. அதான் சொல்லல."

"சொல்லியிருந்தா குண்டானயும் ஓட வுட்டிருக்க மாட்டேன். வாசல்லயே நிக்க வெச்சி, ஒரே அடுப்புதான்னு சொல்லி அனுப்பியிருப்பேன். உனுக்கு எதுக்கு நான் பொய் சொல்லப் போறேன்?"

மேடம் போய்விட்டது, வாங்க போங்க போய்விட்டது. எழில்மதி இரண்டையும் கவனித்தாள். அவள் தொழிலே அதுதான்.

பெரியநாயகி எழுந்து உள்ளே போனாள். டம்ளர் சத்தம் கேட்டது, பிறகு அலமாரி திறக்கும் சத்தம். வரும்போது ஒரு கையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர், இன்னொரு கையில் ஓரத்தில் பூப்போட்ட பேப்பர் கப். ஏதோ விசேஷத்துக்கு வாங்கியதில் மிச்சம். பேப்பர் கப்பை எழில்மதியின் பக்கத்தில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை.

வலித்தது. பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு உதவவில்லை. காபி சூடாக, நல்ல டிகாஷனில் இருந்தது. அவள் குடித்தாள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் பொய்யில்லாத பதில் அது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எழுத்துக்கு வேணும்னா கேளு" என்று பெரியநாயகி பழைய இடத்தில் உட்கார்ந்தாள். "இப்ப சொல்றேன்."

இரண்டு மணி நேரம் சொன்னாள். எந்தெந்த வீட்டில் நிஜ அடுப்பு, எதில் பொய் அடுப்பு என்று தெரு வாரியாக விரல் விட்டுச் சொன்னாள். தேவிப்ரியா இடையிடையே திருத்தினாள். எழில்மதி கூட்டிப் பார்த்தபோது நூற்று நாற்பது வீட்டுக்கு நூற்று ஐம்பத்தெட்டு அடுப்புதான் வந்தது. அப்போது குடும்பங்கள் அநேகமாக உடையவே இல்லை. இந்த வீடும் உடைந்தது பிறகுதான், 2018-ல்.

"எதுனால பிரிஞ்சீங்க?"

"ஸ்கூல் வேன்" என்றாள் தேவிப்ரியா. "ஏழு மணிக்கு வந்து ஆரன் அடிச்சிருவான். எனக்கும் என் ஓரகத்திக்கும் சேத்து நாலு புள்ளைங்க, நாலு டிபன் பாக்ஸ். கேஸ் அடுப்புல ரெண்டு பர்னர். யாரு மொதல்ல வெக்கறதுன்னு தெனமும் சண்ட. அப்புறம் தனித்தனியா வாங்கிக்கினோம்."

புத்தகத்தில் இருந்த எட்டுக் காரணங்களில் பள்ளிக்கூட வேன் இல்லை.

கிளம்பும்போது பெரியநாயகி, "ஊர் பேரு போடுவியா?" என்றாள்.

"மாட்டங்க. அப்பவே மாத்திட்டேன்."

"போட்டாலும் ஒண்ணும் ஆவாது. இப்பதான் நெசமாவே மூணு அடுப்பு ஆயிருச்சே."

எழில்மதி முன்னுரையைப் புதிதாக எழுதினாள். தன் எண்ணிக்கை தவறு என்றும், ஏன் தவறு என்றும், தான் யாரென்று சொல்லாமல் போனதால் அவர்களும் தங்கள் அடுப்பைச் சொல்லவில்லை என்றும், தன் காலனியையும் சேர்த்து எழுதினாள். பதிப்பாளர் தயங்கினார், பிறகு போட்டார். ஆனி மாத நேர்காணலில் ஒருவர், "அப்ப உங்க ஆய்வே தப்புன்னு நீங்களே சொல்றீங்க" என்றார். "எண்ணிக்கை தப்புங்க சார். எப்படித் தப்பாச்சுங்கறதுதான் இப்ப ஆய்வு" என்றாள். பதவி வேறொருவருக்குப் போனது. கந்தசாமி, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று இரண்டு தடவை சொன்னார். களமருதூரில் ஜெயம்மாள் மட்டும் முன்னுரையைப் பேத்தியை விட்டு முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பேப்பர் கப் வந்த இடத்தில், "சூடாதான குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

எழில்மதி இப்போது செம்மண்பட்டை முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். அட்டையைக் கழுத்தில் மாட்டுவதில்லை, தலையாரியையும் கூப்பிடுவதில்லை. வாசலில் நின்று முதலில் தன் பெயரையும் அப்பா பெயரையும் காலனியையும் சொல்கிறாள். அதன் பிறகுதான் அடுப்பைக் கேட்கிறாள். நோட்டில் ஒரு புதுப் பத்தி போட்டிருக்கிறாள்: 'எதுவரை விட்டார்கள்.' வாசல், கூடம், சமையல்கட்டு என்று மூன்று கட்டம். நூற்று ஆறு வீடு முடிந்துவிட்டது. சமையல்கட்டுக் கட்டத்தில் ஒன்பது வீடு இருக்கிறது. அந்த ஒன்பதிலும் அவர்கள் சொன்னதையே எழுதிக்கொண்டாள், படமெடுக்கவில்லை.